கறை ஓடிய பக்கம்

மார்ச் 2

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று வருஷம் வாயே திறக்காமல் இருந்தவன் திடீரென்று நலம் விசாரித்தால், நீ தாளை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பழைய குடியிருப்பின் போட்டோக்கள் எனக்கு வேண்டும். நீ அந்த ரிப்போர்ட்டுக்காக மாடி மாடியாக ஏறி எடுத்தவை. "என் மூஞ்சிய இதுவரைக்கும் பத்து தடவ எடுத்திருப்பா, செவுத்த ஆயிரம் தடவ எடுக்குறா" என்று அப்பா போனில் புலம்பியிருக்கிறார். அந்த ஆயிரம்தான் வேண்டும்.

காரணம் இது. நாங்கள் செய்யும் புது கேமில் கைவிடப்பட்ட நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று வருகிறது. விளையாடுகிறவர் கீழிருந்து மொட்டைமாடி வரை அதற்குள்ளேயே ஏறிப் போக வேண்டும். அந்தக் கட்டடத்தைச் செதுக்கும் வேலை யாருக்கு என்று பேச்சு வந்தபோது முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். தூக்கிவிட்டு நம் கட்டடத்தையே செய்ய ஆரம்பித்துவிட்டேன். ஆபீஸில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் களிமண் கட்டி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு பேனாவால் செதுக்கிக்கொண்டே போக வேண்டும், அப்புறம் அதன்மேல் நிறமும் அழுக்கும் ஏற்ற வேண்டும். ஆறு வாரமாகப் படி, தூண், பால்கனி, தபால் பெட்டி எல்லாம் ஞாபகத்திலிருந்தே செய்தேன்.

எங்கள் பிரிவின் தலைவி, ஆர்ட் லீட் என்போம், மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டாள். கடைசித் தடவை எல்லோர் முன்னாலும், "இது இடிஞ்ச கான்கிரீட் இல்ல, காஞ்சு போன கேக்" என்றாள். இருபத்தெட்டாம் தேதிக்குள் சரியாக வராவிட்டால் வேலை இன்னொருவருக்குப் போகும். அவன் நம் கட்டடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்கோ செய்து வைத்த ஒரு கட்டடத்தைக் கொண்டுவந்து நட்டுவிடுவான். எனக்கு அது தாங்காது. ஏன் என்று கேட்காதே.

செய்தவரைக்கும் மூன்று படம் அச்செடுத்து வைத்திருக்கிறேன். எனக்குப் போன் பண்ணாதே என்று சொன்னவன் நான்தான், அதனால் நானும் உனக்குப் பண்ணவில்லை. கடிதம் அந்தக் கணக்கில் சேராது.

இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கட்டடம் குடியிருக்க லாயக்கில்லை என்று நீ ஒரு ரிப்போர்ட் எழுதினாய். முப்பத்தொரு வருஷம் இருந்த வீட்டிலிருந்து அப்பாவைக் கிளப்பினாய். ஏழாவது மாதம் அவர் போய்விட்டார். துக்க வீட்டில் நான் சொன்னது சொன்னதுதான்.

தம்பி


மார்ச் 7

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கிறது. கம்ப்யூட்டரில் செதுக்குகிறவனுக்கு அது போதும்போல.

போட்டோக்கள் ஆபீஸ் சொத்து. கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்க அது என் வீட்டுப் பொறியல் இல்லை. கேட்கிற விதமும் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் உதவி, மறு பக்கம் குத்தல்.

படங்களை இரண்டு நாள் உறைக்குள்ளேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், ரஸ்க்கா?" என்றார். உன் லீட் கேக் என்றாள், இவர் ரஸ்க் என்கிறார். இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான்.

நான் இருபது வருஷமாகச் சுத்தியலை வைத்துக்கொண்டு பழைய கட்டடங்களைத் தட்டிப் பார்க்கிறவள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நீ எல்லா மூலைகளையும் ஒரே அளவு உடைத்திருக்கிறாய், யாரோ உட்கார்ந்து பொறுமையாகக் கடித்த மாதிரி. கட்டடம் அப்படி உடையாது. மழை படாத மூலை நாற்பது வருஷமானாலும் முழுசாக இருக்கும். உடைந்த இடத்துக்குள்ளே உன் கான்கிரீட் வெளியே இருப்பது போலவே வழவழவென்று இருக்கிறது. ஜல்லி எங்கே? உடைந்த முகத்தில் சில ஜல்லி குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும், சில கழன்று விழுந்து குழி மட்டும் இருக்கும். விரிசலைச் சிலந்தி வலை மாதிரி எங்கும் இழுத்துவிட்டிருக்கிறாய். உள்ளே கம்பி போகிற தடத்தில்தான் விரிசல் நேராக ஓடும். வெளியிலிருந்து யாரும் அடித்து உடைக்கவில்லை. உள்ளே கம்பி துருப்பிடித்து, உப்பி, இடம் போதாமல் மேலே இருப்பதைத் தள்ளிவிடுகிறது. உன் கட்டடத்தில் கம்பியே இல்லை. பிறகு எது தள்ளியது?

படிக்கட்டின் அடிப்பாகம் மட்டும் பரவாயில்லை. கான்கிரீட் ஊற்றும்போது அடித்திருந்த பலகையின் அச்சு, அந்த மர ரேகை, அது அப்படியே இருக்கிறது. ஐந்து வயசு வரை அந்தப் படி மரத்தால் செய்தது என்று நீ என்னோடு சண்டை போட்டாய். கீழே படுத்துக்கொண்டு ரேகையை விரலால் தடவி, "இது மரம்தான், இங்க பாரு" என்பாய். உன் விரல் மறக்கவில்லை. வாசலில் ஈர சிமெண்டில் நடந்த பூனையின் காலடி மட்டும் தப்பு. ஐந்து இல்லை, ஏழு.

இன்னொன்று. பால்கனிக் கூரையில் கறை வீட்டுப் பக்கமாக ஓடுகிறது. அந்தக் கூரை மேல் வீட்டு பால்கனியின் தளம், வெளிப்பக்கம் சரிந்துதான் இருக்கும், தண்ணீர் வெளியே போவதற்காக. தண்ணீர் போகிற வழியில்தான் கறையும் போகும். அன்றைக்கும் இதே தப்பைத்தான் செய்தாய்.

ஏப்ரல் ஆறாம் தேதி கட்டடத்தை இடிக்கிறார்கள். உனக்குச் சொல்ல வேறு வழி தெரியவில்லை, அதனால் இதிலேயே எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

வகுப்பு எடுத்ததற்கு நன்றி. ஜல்லி, கம்பி எல்லாம் குறித்துக்கொண்டேன். என் கட்டடத்தை ஒருவன் எட்டு வினாடியில் ஓடிக் கடந்துவிடுவான், அவனைப் பின்னாலிருந்து நாலு பேர் சுட்டுக்கொண்டு வருவார்கள். கறை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார்க்க அவனுக்கு நேரம் இருக்காது.

பூனை ஐந்து அடிதான். எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு அடிமேலும் என் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவேன். ஆறாவது இருந்திருந்தால் ஆறாவது விரல் இல்லையே என்று அழுதிருப்பேன்.

இடிக்கப் போகிறார்கள் என்று படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன், கோபம் வரவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று கத்தினால் குரல் மூன்று தடவை திரும்பி வருமே, அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. நீ என் பெயரைச் சொல்லிக் கத்த மாட்டாய். "எலி" என்று கத்துவாய். மூன்று எலி மேலே ஏறிப் போகும். பென்சிலைக் கடித்ததற்காக ஒருத்தனுக்கு ஆயுசு பூராவும் அந்தப் பெயரா?

சரி, கேட்டுவிடுகிறேன். "அன்றைக்கும் இதே தப்பு" என்று எழுதியிருக்கிறாய். என்றைக்கு? நான் பால்கனிக் கூரையை இதற்கு முன் எங்கே செய்தேன்? நீ வேறு எதையோ நினைத்து எழுதியிருக்கலாம். அப்படியென்றால் விட்டுவிடு. இல்லையென்றால் சொல்.

இந்தக் கடிதத்தை இரண்டு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

கடிதத்தோடு ஒரு பென் டிரைவ் இருக்கிறது. மேலதிகாரியிடம் கேட்டு, இரண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இடிக்கப் போகிற கட்டடம்தானே, எடுத்துக்கோ என்றார். ஆயிரத்து நூற்று நாற்பது போட்டோ. எல்லாவற்றிலும் அளவுகோல் பக்கத்தில் இருக்கும், உனக்கு அது உபயோகப்படும்.

முப்பத்து மூன்றாவது போட்டோ பூனை. எண்ணிக்கொள். ஏழாவது அடியில் அது திரும்பிவிட்டது, யாரோ விரட்டியிருக்கிறார்கள். கடைசி இரண்டு அடியும் கதவு திறக்கிற இடத்தில், மிதியடிக்குக் கீழே. உன் விரல் அங்கே போயிருக்காது.

நானூற்றுப் பன்னிரண்டாவது போட்டோவைப் பார். பார்த்த பிறகு எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுது. தோன்றாவிட்டால் உன் வேலையைப் பார். இருபத்தெட்டாம் தேதி எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

இங்கே மழை. நேற்று ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் தட்டிக்கொண்டிருந்தபோது, நம் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கி அப்பா வாளியால் இறைத்துக்கொண்டு, "இத வச்சு ஒரு குளமே வெட்டலாம்" என்று திட்டினது காதில் கேட்டது. நான் சிரித்துவிட்டேன். கூட வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

பார்த்தேன்.

நம் வீட்டு பால்கனிக் கூரை. நடுவில் உன் சாக்பீஸ் வட்டம். வட்டத்துக்குள் நான்.

அதாவது, என் வேலை. நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று இப்போது புரிகிறது. மேல் வீட்டுப் பூந்தொட்டித் தண்ணீர்க் கறை அத்தனையும் வெளியே பார்த்து ஓட, நான் வரைந்த ஒரு கறை மட்டும் வீட்டுக்குள் வருகிறது. ஸ்டூலில் ஏறி, கைப்பிடிச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பிரஷ் என் வசதிக்கு எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் இழுத்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து அதே கையால் அதே தப்பை உனக்கே தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் மே மாதம் ஒரு வாரம் வந்திருந்தேன் அல்லவா? அப்பா என்னை பால்கனிக்குக் கூப்பிட்டார். அவருடைய ஒயர் நாற்காலிக்கு நேர் மேலே ஒரு விரிசல், ஒரு முழத்துக்கு மேல் இருக்கும், கொஞ்சம் உப்பியும் இருந்தது. "அடுத்த மாசம் உங்க அக்கா சுத்தியல தூக்கிட்டு வரப் போறா. இத பாத்தா என்ன கிளப்பிடுவா. நீ கம்ப்யூட்டர்ல புதுசெல்லாம் பழசாக்குறவன்தானே, இத ஒண்ணும் இல்லாம ஆக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வேலை என்ன என்று அப்பா அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பட்டிப் பசை வாங்கி வந்து விரிசலை அடைத்தேன். காய்ந்ததும் புதுசாகப் பளிச்சென்று தெரிந்தது. சிமெண்ட் தூள், அடுப்புக் கரி, டீத் தண்ணீர் எல்லாம் கலந்து மூன்று மணி நேரம் பூசினேன். அப்பா கீழே நின்று கலவைத் தட்டைப் பிடித்துக்கொண்டு, "அங்க இன்னும் கொஞ்சம் அழுக்கு போடு" என்று மேற்பார்வை பார்த்தார். கடைசியில் எது பழசு எது புதுசு என்று அவருக்கே தெரியவில்லை. "அசல் திருட்டுப் பய" என்று முதுகில் தட்டினார். பெருமையில் எனக்கு ஸ்டூலிலிருந்து இறங்க மனசு வரவில்லை. அவரோடு இருந்ததில் அதுதான் எனக்கு மிகச் சந்தோஷமான நாள். அதை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் உன் போட்டோக்களை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். முதலில் கம்பிக் கூடு மட்டும் செய்தேன். அப்புறம் தண்ணீர் எங்கே நுழையும், எங்கே வெளியேறும் என்று நீலக் கோடு போட்டேன். அதற்குப் பிறகுதான் கான்கிரீட். கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உப்ப வைத்து, அது தள்ளுகிற இடத்தில் மட்டும் பேர்த்தேன். பால்கனிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. உன் மற்ற போட்டோக்களில் தெரிகிற அளவுக்குக் கம்பி உப்பினால் அந்தத் தளம் நிற்காது, அக்கா. இப்படிப் பார்த்தாலும் நிற்கவில்லை, அப்படிப் பார்த்தாலும் நிற்கவில்லை. அதன் கீழேதான் அப்பா தினமும் உட்கார்ந்து, கீழே யார் யார் வண்டியைக் கோணலாக நிறுத்தினார்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

விரிசலை மறைத்தவன் நான். துக்க வீட்டில் அத்தனை பேர் முன்னால், "நீ எழுதின ஒரு பேப்பர்தான் அப்பாவ கொன்னுச்சு" என்று உன்னைச் சொன்னவனும் நான். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். ஏன் சொல்லவில்லை?

எலி


மார்ச் 22

டேய் எலி,

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். நான் யோக்கியமாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் மூன்றாம் தேதி வந்து தட்டினேன். அந்தக் கறையைப் பார்த்ததுமே சந்தேகம். சுத்தியலால் ஒரு தட்டு, உள்ளே காலியாக இருக்கிற சத்தம் வந்தது. அப்பா ஹாலில் நின்றுகொண்டு பேப்பர் படிக்கிற பாவனை செய்தார், பேப்பர் தலைகீழாக இருந்தது. இப்படிப் பூசத் தெரிந்தவன் இந்த வீட்டில் ஒருத்தன்தான். எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. நன்றாகச் செய்திருக்கிறானே என்று நினைத்தேன். வட்டம் போட்டு, போட்டோ எடுத்து, கீழே குறிப்பு எழுதும் இடத்தில் "முன்னரே பழுதுபார்க்கப்பட்டது, பழுதுபார்த்தவர் தெரியவில்லை" என்று எழுதினேன். என் வேலையில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான்.

அப்பா அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் கெஞ்சினார். நம் அப்பா கெஞ்சி நீ பார்த்ததில்லை. "எனக்கு அந்த பால்கனி போதும்மா, வேற எதுவும் வேணாம். கொஞ்ச நாள் தள்ளிப் போடு" என்றார். நானும் தள்ளிப் போட்டேன். இன்னொரு சோதனை பாக்கி, லேப் முடிவு வரவில்லை என்று ஆபீஸில் சாக்கு. அந்தக் கட்டடத்தில் இருபத்து நான்கு வீடு. எல்லா வீட்டுக்கும் பால்கனி. ஐந்து வாரம் அந்த ரிப்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பால்கனியில் உட்காராதீர்கள் என்று மட்டும் தினமும் போனில் சொன்னேன். அவர் எங்கே கேட்டார்?

ஜூலை எட்டாம் தேதி விழுந்தது. சாயங்காலம் நாலரை மணி. உன் பட்டியோடு சேர்ந்து கூரை பாளமாகப் பெயர்ந்து நேராக அந்த ஒயர் நாற்காலியின்மேல். நாற்காலி தட்டையாகிவிட்டது. அப்பா அதில் இல்லை. ஹாலில் போன் அடித்தது, எழுந்து உள்ளே போயிருக்கிறார். செல்போனை ஃப்ரிட்ஜ் மேலேயே போட்டு வைக்கிற ஆள் அவர், நல்லவேளை. போனில் பேசினது நீ. ஏதோ ஒரு மரக் கதவுக்கு நிறம் அடித்த கதையை நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாயாம். நடுவில் இது விழுந்தது. அவர் ஹாலிலிருந்தே பார்த்துவிட்டு, நீ முடிக்கிறவரை கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார். பேசின நேரம் அந்தப் போனிலேயே பதிவாகியிருந்தது, பதினோரு நிமிஷம்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். "அவனுக்குத் தெரியக் கூடாது. தான் பூசினதாலதான் விழுந்துச்சுன்னு நினைச்சுப்பான். நீ எனக்கு சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன். மறுநாள் காலையில் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். பதினைந்து நாளில் எல்லோரும் காலி செய்தார்கள்.

நான் ரிப்போர்ட் எழுதியதால் அப்பா போய்விட்டார் என்று நீ கத்தினாய். நான் எழுதாமல் வைத்திருந்த ஐந்து வாரம்தான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. அதனால் நீ திட்டியபோது, தப்பான காரணத்துக்கு என்றாலும் சரியான ஆளைத்தான் திட்டுகிறாய் என்று நின்றேன். என் ஏழாவது மாடி வீட்டில் பால்கனி இல்லை. கடைசி ஏழு மாதம் அவர் சமையலறை ஜன்னலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து வண்டிகள் தெரியாது. அவர் அங்கே சந்தோஷமாக இருந்தார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "எம் பையன் பண்றதுல எது நிஜம்னே தெரியாது" என்பார்.

சத்தியத்தை உடைத்துவிட்டேன். கட்டடம் விழுவதற்குள் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆறாம் தேதி நான் அங்கே இருப்பேன்.

அக்கா


மார்ச் 28

சுத்தியலுக்கு,

உன்னை நேருக்கு நேர் இப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் நானும் அப்பாவும் இப்படித்தான் கூப்பிடுவோம். இனிமேல் ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் போன் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷம் சாதாரணப் போனாக இருந்தது. நான் அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. "என்னப்பா அது?" என்றேன். அவர் இரண்டு தடவை இருமினார். அப்புறம், "மேல் வீட்டுல பீரோவ தள்றாங்க. நீ சொல்லு, தாழ்ப்பாளுக்கு என்ன கலர் அடிச்ச?" என்றார். நானும் சொன்னேன். எத்தனை விதப் பித்தளை நிறம் இருக்கிறது என்று விலாவாரியாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். அக்கா, அவர் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டியிருக்கிறார்.

உன் கடிதம் வந்த அன்று லீவு போட்டுவிட்டேன். அழுதேன். மறைப்பானேன்?

ஐந்து வாரத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? உன்னை மன்னிக்க நான் யார்? இருபத்து நான்கு வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். அது உன்னோடும் என்னோடும் இருக்கட்டும், பாதிப் பாதி. நீ முழுசையும் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் துக்க வீட்டில் சொன்னதை இத்தனை நாள் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கட்டடம் பாஸ். இன்று காலை லீட் மொட்டைமாடி வரை ஏறிப் போனாள், எட்டு வினாடி இல்லை, இருபது நிமிஷம் சுற்றினாள். படிக்கு அடியில் போய் நிமிர்ந்து பார்த்து, "இது மரமா?" என்று கேட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. வாசலில் பூனை ஏழு அடி நடந்து திரும்புகிறது.

நம் வீட்டு பால்கனியில் கூரை விழுந்து கிடக்கிறது. எப்படி விழும் என்று நீ சொன்னபடியே, கம்பியின் தடத்தில் பாளமாகப் பெயர்ந்து, ஜல்லியெல்லாம் தெரிய. ஒயர் நாற்காலியும் செய்தேன். பால்கனியில் போட மனசு வரவில்லை. உள்ளே ஹாலில், போன் பக்கத்தில் போட்டிருக்கிறேன். விழாமல் நிற்கிற ஓரத்தில் கறைகள் எல்லாம் வெளிப்பக்கம் ஓடுகின்றன. ஒன்று மட்டும் உள்ளே வருகிறது. லீட் கண்டுபிடிக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன், நீ பார்ப்பாய் என்று.

ஆறாம் தேதி வரலாமா? வந்தால் உன் வீட்டில் தங்கலாமா?

எலி


ஏப்ரல் 1

டேய் எலி,

தங்கலாமா என்று என்னிடம் கேட்கிறாய், ஹோட்டலில் ரூம் கேட்கிற மாதிரி. வந்து தொலை. சமையலறை ஜன்னலோரம் அவருடைய நாற்காலி இருக்கிறது, நீ அதில் உட்கார், நான் இதுவரை உட்காரவில்லை.

இடிக்கிறவர்களிடம் பேசிவிட்டேன். வாசல் சிமெண்டில் பூனை நடந்த துண்டை முதலில் அறுத்து எடுத்துத் தருகிறார்கள். கனம் அதிகம், தூக்க இரண்டு பேர் வேண்டும். அதற்காகவாவது காலையிலேயே வந்துவிடு.

கடிதம் போதும். கிளம்புவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் போன் பண்ணு. உன் கேமில் என்னவெல்லாம் செய்தாய் என்று ஒன்று விடாமல் சொல்லு, பதினோரு நிமிஷத்துக்குக் குறையக் கூடாது. நடுவில் பெரிதாகச் சத்தம் கேட்டால் பயந்துவிடாதே. என் மேல் வீட்டுக்காரர்கள் நிஜமாகவே பீரோவைத் தள்ளுகிறவர்கள்.

அக்கா